இறந்தவருக்காகப் பேசும் சாட்சி: சட்ட மருத்துவத்தின் வரலாறும் நம் கடமையும்

ஒரு முஸ்லிம் இறந்துவிட்டால் உயிரோடிருப்போர் மீது நான்கு கடமைகள் விழுகின்றன. மய்யித்தைக் குளிப்பாட்டுதல், கபனிடுதல், ஜனாஸாத் தொழுகை நடத்துதல், நல்லடக்கம் செய்தல் என்பன அவை. ஊரில் ஒரு சிலர் இவற்றை நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பும் நீங்கிவிடும் என்பது மார்க்கச் சட்டம். ஆயின், மரணம் இயற்கையானதாக இல்லாதபோது இந்த நான்குக்கும் முன்னதாக மற்றொரு கேள்வி வந்து நிற்கிறது. இவர் எவ்வாறு இறந்தார்? கொலையா, தற்கொலையா, விபத்தா, நோயா? கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கு மார்க்கம் வழங்கியுள்ள உரிமைகள் யாவும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையையே சார்ந்துள்ளன. அவ்விடையை உடலிலிருந்தே தேடி எடுத்து நீதிமன்றத்தின் முன் வைப்பவர் சட்ட மருத்துவர். நம் சமுதாயத்தில் பலர் அவரை அச்சத்துடனும் வெறுப்புடனுமே நினைக்கின்றனர். அவருடைய பணி எங்கே தோன்றியது, எவ்வாறு நடைபெறுகிறது, மார்க்கம் அதனை எவ்வாறு நோக்குகிறது என்பவற்றைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையது.

ஜடப்பொருளும் சாட்சி கூறும் என்ற கருத்து நமக்குப் புதிதன்று. யூசுஃப் (அலை) அவர்களின் மீது பழி சுமத்தப்பட்டபோது, சட்டை முன்புறம் கிழிந்துள்ளதா பின்புறம் கிழிந்துள்ளதா என்று பார்த்தே உண்மை அறியப்பட்டதாகத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. ஸூரா அல்பகராவிலோ, கொலையுண்டவனே இறைவனின் ஆணையால் எழுந்து கொலையாளியைக் காட்டிக்கொடுத்த வரலாறு இடம்பெறுகிறது. சூழ்நிலைத் தடயங்களைக் கொண்டு தீர்ப்பளித்தல் பற்றி இப்னுல் கய்யிம் அவர்கள் 14ஆம் நூற்றாண்டில் தனி நூலே எழுதியுள்ளார். இறந்தவரைப் பேசவைக்கும் அற்புதம் நம் கையில் இல்லை. அவர் உடலில் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கும் கல்வி மட்டும் மனிதனுக்கு அளிக்கப்பட்டுள்ளது.

திருவண்ணாமலையில் ஓர் இரண்டாம் ஆய்வு

திருவண்ணாமலையின் தென்மேற்கே செங்கம் சாலையில் அமைந்துள்ள ரமணாசிரமம் பகுதி, மரணம் பற்றிய சிந்தனையால் உலகப் புகழ் பெற்றது. 1896ஆம் ஆண்டு மதுரையில் ஒரு சிறுவன் திடீரென மரண அச்சத்துக்கு ஆளாகி, பிணம்போல் படுத்துத் தன்னையே ஆராய்ந்தான். அதே ஆண்டு செப்டம்பரில் அவன் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். பின்னாளில் ரமண மகரிஷி என அறியப்பெற்ற அவர் 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இங்கேயே மறைந்தார். அவரை நாடி வந்த அன்பர்களாலும், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தங்கும் துறவிகளாலும் இப்பகுதி நிறைந்துள்ளது. பெயரையும் ஊரையும் துறந்து வந்த ஒருவர் அப்பாதையோரத்தில் தனியாக இறந்து கிடந்தால், சட்டம் அவருடைய பெயரையும் ஊரையும் கேட்கிறது. பல்லின் தேய்மானம், எலும்பின் வளர்ச்சி, பழைய முறிவின் அடையாளம், பச்சை குத்திய குறி ஆகியவற்றைக் கொண்டு வயதையும் அடையாளத்தையும் மதிப்பிடவேண்டிய பொறுப்பு மருத்துவருடையது. உரிமை கோருவார் இல்லையெனில், 1951ஆம் ஆண்டின் சென்னை உடற்கூற்றியல் சட்டப்படி அவ்வுடல் மருத்துவ மாணவர்களின் கல்விக்கும் செல்லக்கூடும்.

இந்த ஆன்மிக நகரின் மருத்துவமனை 2015ஆம் ஆண்டில் வேறொரு காரணத்தால் நாட்டின் கவனத்தைப் பெற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் சேஷாசலம் காட்டுப் பகுதியில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஏழைக் கூலித் தொழிலாளர்கள். கல்லும் கோடரியும் கொண்டு தாக்க வந்தவர்களைத் தற்காப்புக்காகவே சுட்டதாக ஆந்திரக் காவல்துறை கூறியது. முன்னரே பிடித்துவைத்து அருகில் நின்று சுட்டுக் கொன்றதாக மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. ஆந்திரத்தில் உடற்கூறாய்வு முடிந்து உடல்கள் சொந்த ஊர் வந்து சேர்ந்த பின்னரும் சில குடும்பங்கள் இறுதிச் சடங்கை நிறுத்திவைத்தன. இறந்தவர் ஒருவரின் மனைவி நீதிமன்றத்தை நாடினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய அம்முயற்சி, ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் அன்று பொதுவாக இருந்த ஐதராபாத் உயர் நீதிமன்றத்தைச் சென்றடைந்தது. அந்நீதிமன்ற ஆணையின்படி ஆறு பேரின் உடல்கள் அதே ஏப்ரல் மாதத்தில் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் மறுமுறை ஆய்வு செய்யப்பட்டன.

இரு தரப்பின் கூற்றும் ஒரு கேள்வியில் வந்து முடிகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். துப்பாக்கி எவ்வளவு தொலைவிலிருந்து சுட்டது? இது வழக்கறிஞரின் வாதத்தால் தீரும் கேள்வியன்று. துப்பாக்கி முனை உடலைத் தொட்டவாறு சுட்டால் வெப்ப வாயு தோலைக் கிழிக்கும், கரி படியும், மயிர் கருகும். சற்று அருகிலிருந்து சுட்டால் எரியாத வெடிமருந்துத் துகள்கள் காயத்தைச் சுற்றிப் பச்சை குத்தியதுபோல் பதியும். தொலைவு கூடிவிட்டால் குண்டு துளைத்த துளையும் அதன் விளிம்பில் தோல் உரசிய வளையமும் மட்டுமே எஞ்சும். குண்டு உடலுக்குள் சென்ற கோணம், சுட்டவரும் சுடப்பட்டவரும் எந்த நிலையில் இருந்தனர் என்பதை ஊகிக்க உதவும். மணிக்கட்டில் கட்டிய தழும்பு இருந்தால் அதுவும் பேசும்.

இரண்டாம் ஆய்வுக்கு எல்லைகள் உண்டு. முதல் ஆய்வில் உடல் திறக்கப்பட்டு உள்ளுறுப்புகள் எடுக்கப்பட்டிருக்கும், காயங்களின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், அழுகல் தொடங்கியிருக்கும். துகள்களைத் தடுத்து நிறுத்திய உடைகள் பாதுகாக்கப்படாவிடில் பெரியதொரு சான்று போய்விடும். ஆகவே மறு ஆய்வு எவ்வளவு திறமையாக நடந்தாலும் முதல் ஆய்வின் கவனக்குறைவை முழுமையாக ஈடுசெய்ய இயலாது. முதல் மருத்துவரின் கத்தியும் எழுதுகோலும் எவ்வளவு நேர்மையாக இயங்கின என்பதே இறுதிவரை நிற்கும் செய்தி. அந்த நேர்மை எத்தகைய நிறுவன அமைப்புக்குள் இயங்கவேண்டியிருக்கிறது என்பதை அறிய, இந்நாட்டில் இப்பணி முதன்முதலில் பதிவான இடத்துக்குச் செல்லவேண்டும். அதுவும் தமிழ் மண்ணிலேயே உள்ளது.

ஜார்ஜ் கோட்டையில் ஒரு தொடக்கம்

மரணத்தை முறைப்படி விசாரிக்கும் வழக்கம் பல நாகரிகங்களில் தோன்றியுள்ளது. சீனத்தில் சோங் சூ என்னும் நீதி அதிகாரி 1247ஆம் ஆண்டிலேயே பிரேத விசாரணை பற்றிய கையேடு ஒன்றைத் தொகுத்தார். இத்தாலியின் பொலோனா நகரில் 1302இல் நீதிமன்றத்துக்காக உடல் திறந்து பார்க்கப்பட்டது. இந்தியாவில் சட்டத்தின் பொருட்டு நடந்ததாகப் பதிவாகியுள்ள முதல் உடற்கூறாய்வு, 1693ஆம் ஆண்டு சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆலோசனை மன்ற உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் மருந்து உட்கொண்ட பின் இறந்தார். மருந்து அனுப்பியவர் கம்பெனியின் மருத்துவர் சாமுவேல் பிரௌன். முன்பு பாஷாணம் அரைக்கப்பட்ட கல்வத்திலேயே மருந்தும் இடிக்கப்பட்டதால் நேர்ந்த விபரீதம் இது. எட்வர்டு பல்க்லி என்னும் மற்றொரு கம்பெனி மருத்துவர் உடலை ஆய்வு செய்தார். பிரௌன் தம் பிழையை மன்றத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். விசாரணைக்கு வந்தபோது ஜூரிகள் அவர் மீதான குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தைய இந்நிகழ்ச்சியில் இத்துறையின் சிக்கல்கள் யாவும் கருவாக அடங்கியுள்ளன. ஆய்வு செய்தவரும் ஆய்வுக்குக் காரணமானவரும் ஒரே எசமானிடம் ஊதியம் பெற்றவர்கள். தன் சக ஊழியரின் தவறு குறித்துத் தன் கையாலேயே எழுதவேண்டிய நிலை ஒருவருக்கு ஏற்பட்டது. பாஷாணத்தை உடலில் கண்டறியும் இரசாயனமும் அன்று இல்லை. ஜேம்ஸ் மார்ஷ் என்பவரின் நம்பகமான சோதனைமுறை 1836இல்தான் வெளிவந்தது.

அந்த இரசாயனம் விரைவிலேயே சென்னைக்கு வந்தது. 1849இல் சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் அமைக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய ஆய்வகங்களுள் முதலாவது இதுவே. கல்கத்தாவும் பம்பாயும் பின்னரே இதனைப் பின்பற்றின. அக்காலத்தில் வெள்ளைப் பாஷாணம் கடைத்தெருவில் எளிதாகக் கிடைத்தது. ஊமத்தை வேலியோரத்தில் வளர்ந்தது. வழிப்போக்கரை மயக்கிக் கொள்ளையிடவும் தோலுக்காகக் கால்நடைகளைக் கொல்லவும் நஞ்சு பயன்பட்டது. மாவட்டங்களில் இறந்தோரின் இரைப்பையும் குடலும் புட்டியில் அடைக்கப்பட்டு முத்திரையிடப்பெற்றுச் சென்னைக்கு அனுப்பப்பட்டன. உள்ளுறுப்புகளை இவ்வாறு முத்திரையிட்டு அனுப்பும் முறை இன்றும் தொடர்கிறது.

கல்வியும் சட்டமும் உடன் வளர்ந்தன. சென்னையில் 1835இல் தோன்றிய மருத்துவப் பள்ளி 1850இல் கல்லூரியாயிற்று. 1856இல் நார்மன் செவர்ஸ் வங்காளத்தின் அனுபவத்தைக் கொண்டு சட்ட மருத்துவக் கையேடு வெளியிட்டார். 1872இன் சாட்சியச் சட்டம் நிபுணர் கருத்தை நீதிமன்றம் ஏற்க வழிசெய்தது. ஜெய்சிங் மோடியின் சட்ட மருத்துவ நூல் 1920இல் வந்தது. பல பதிப்புகள் கண்ட அந்நூல் இன்றும் வழக்கு மன்றங்களில் எடுத்தாளப்படுகிறது.

இத்துறையின் ஆற்றலைத் தமிழ் மக்கள் பரவலாக அறிந்தது 1952ஆம் ஆண்டின் ஆளவந்தார் கொலை வழக்கில் எனலாம். தலையற்ற உடல் போட் மெயில் இரயிலில் ஒரு பெட்டிக்குள் மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது; தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவையே என நிறுவும் பணி சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தது. சட்ட மருத்துவச் சான்று இல்லையேல் அவ்வழக்கு தொடக்கத்திலேயே நின்றுபோயிருக்கும்.

சவக்கிடங்கில் நடப்பது

சந்தேகத்துக்குரிய மரணம் நிகழ்ந்தால் காவல்துறை பிரேத விசாரணை நடத்தவேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 194ஆம் பிரிவாக உள்ளது. பஞ்சாயத்தார் முன்னிலையில் காவல் அதிகாரி அறிக்கை எழுதுகிறார். இறப்பின் காரணத்தில் ஐயமிருப்பின் உடலை மருத்துவருக்கு அனுப்புகிறார். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ ஐயத்துக்கிடமாக இறந்தாலோ உடற்கூறாய்வு நடத்தியாகவேண்டும். வரதட்சணைக் கொடுமைகள் பெருகியதால் 1983இல் சேர்க்கப்பட்ட விதி இது. அத்தகைய மரணத்தில் நிர்வாக நடுவர் என்ற முறையில் வருவாய்க் கோட்டாட்சியரும் விசாரிப்பார்.

மருத்துவரின் வேலை கத்தியை எடுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. உடையைப் பார்த்தல், காயங்களை அளந்து குறித்தல், உடல் விறைப்பும் இரத்தத் தேக்கமும் எந்நிலையில் உள்ளன எனக் காணுதல் ஆகியவை முதலில் வருகின்றன. தூக்கில் தொங்கியவர் கழுத்தில் பெரும்பாலும் தழும்பு சரிந்து மேலேறும். கயிற்றால் நெரிக்கப்பட்டவரிடம் கழுத்தைச் சுற்றிக் கிடையாகச் செல்லும். தீயில் எரியும்போது உயிருடன் இருந்தவரின் மூச்சுக்குழாயில் பெரும்பாலும் புகைக்கரி படிந்திருக்கும். இறந்த பின் எரிக்கப்பட்டவரிடம் அது இராது. மருமகள் தீக்குளித்தாள் என்று ஒரு குடும்பம் சொல்லும் கதை உண்மையா பொய்யா என்பதை மூச்சுக்குழாயின் அந்தக் கருமை தீர்மானிக்கக்கூடும்.

பெரிய மருத்துவக் கல்லூரிகளில் சட்ட மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்றவர்கள் இப்பணியைச் செய்கின்றனர். சிற்றூர் அரசு மருத்துவமனைகளிலோ காலையில் காய்ச்சலுக்கு மருந்து எழுதிய பொது மருத்துவரே மதியம் உடற்கூறாய்வும் செய்யவேண்டியுள்ளது. குளிர்சாதனம், வெளிச்சம், உதவியாளர் என யாவும் குறைவு. திருவண்ணாமலையைப் போன்ற மாவட்டங்களில் மருத்துவக் கல்லூரிகள் அமைந்திருப்பது இவ்வகையில் பெரும் முன்னேற்றம்.

மிகக் கடினமான சோதனை காவல் மரணங்களில் வருகிறது. உடலை அனுப்புவதும் காவல்துறை. குற்றம் சாட்டப்படுவதும் காவல்துறை. பல்க்லி சந்தித்த நெருக்கடியின் பெரிய வடிவம் இது. தேசிய மனித உரிமை ஆணையம் 1995இல் இத்தகைய ஆய்வுகளை ஒளிப்பதிவு செய்யுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. 1997இல் மாதிரி அறிக்கைப் படிவமும் வகுத்தது. காவல் மரணத்தை நீதித்துறை நடுவரே விசாரிக்கவேண்டும் என்ற திருத்தம் 2006இல் செயலுக்கு வந்தது. 2020 சூனில் சாத்தான்குளத்தைச் சேர்ந்த வணிகர்களான தந்தையும் மகனும் காவல் வன்முறையால் இறந்த வழக்கில், ஒளிப்பதிவுடன் நடந்த உடற்கூறாய்வில் பதிவான காயங்கள் மையச் சான்றாயின. அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வேறொரு வழக்கில், காவல் மரணத்தில் குடும்பத்தார் ஆய்வுக்கு முன் உடலைப் பார்க்க அனுமதிப்பது உள்ளிட்ட நெறிமுறைகளை வகுத்தது. ஐக்கிய நாடுகள் அவையின் மினசோட்டா நெறிமுறையும் (1991, திருத்தம் 2016) விசாரணையின் சுதந்திரத்தையே அடிப்படையாக வலியுறுத்துகிறது.

மார்க்க அறிஞர்களின் நோக்கு

இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உடலின் கண்ணியம் மரணத்தோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஜனாஸாவைத் தாமதியாமல் அடக்கவேண்டும் என்பதும் நபிவழி. உடற்கூறாய்வு என்றதும் நம் மக்கள் கலங்குவதற்கு இவ்விரண்டுமே காரணம். அக்கலக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் தகாது.

ஆயினும், மேலான ஒரு நலனுக்காக இக்கண்ணியம் அளவோடு விலக்களிக்கும் என்பதை முற்கால ஃபுகஹாக்களே ஏற்றுள்ளனர். கருவுற்ற தாய் இறந்து, வயிற்றிலுள்ள குழந்தை பிழைக்கும் நம்பிக்கை இருந்தால் வயிற்றைத் திறக்கவேண்டும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபி அறிஞர்களின் கருத்து. பிறர் பொருளாகிய மணியை விழுங்கி இறந்தவரின் வயிற்றைத் திறப்பது பற்றியும் இமாம் நவவி அவர்கள் ‘அல்மஜ்மூஉ’ நூலில் விவாதிக்கிறார். ஒருவரின் செல்வத்துக்காகவே இப்பேச்சு எழுந்ததெனில், ஒருவரின் இரத்தத்துக்கான நீதி அதனினும் பெரிதன்றோ என்று பிற்கால அறிஞர்கள் எண்ணினர். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைக் ஹஸனைன் முஹம்மது மக்லூஃப் அவர்கள் தேவையின் அடிப்படையில் உடற்கூறாய்வை அனுமதித்தார். சவூதி மூத்த அறிஞர் அவை 1976ஆம் ஆண்டு எடுத்த 47ஆம் எண் முடிவு, குற்ற விசாரணைக்கும் கொள்ளைநோய் ஆய்வுக்கும் இசைவு தந்தது. மக்காவிலுள்ள ஃபிக்ஹு அகாடமி 1987இல் நிபந்தனைகளையும் தொகுத்தது. தேவையான அளவை மீறலாகாது. பெண்களின் உடலைப் பெண் மருத்துவர் ஆய்வு செய்யவேண்டும், அவர் கிடைக்காத நிலை மட்டுமே விதிவிலக்கு. எடுக்கப்பட்ட உறுப்புகள் யாவும் அடக்கப்படவேண்டும் என்பன அவற்றுள் சில. ஒரு நேர்மையான சவக்கிடங்கு தானாகவே கடைப்பிடிக்கவேண்டிய ஒழுக்கங்களும் இவையே என்பது இங்கு எண்ணத்தக்கது.

நம் முன் உள்ள கடமை

இனி நம்மைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். ஒரு வீட்டில் திடீர் மரணம் நிகழ்ந்தால், ‘வெட்டாமல் வாங்கிவிடவேண்டும்’ என்பதே ஊர்ப் பெரியவர்களின் முதல் முயற்சியாக இருப்பதைக் காண்கிறோம். செல்வாக்குள்ளவர்கள் காவல் நிலையத்துக்குச் செல்கிறார்கள், மருத்துவரிடம் வேண்டுகிறார்கள். நோயாளியாக இருந்த முதியவர் இறந்தார் என்றால் அதில் தவறில்லை. ஐயமில்லாதபோது ஆய்வின்றி உடலை ஒப்படைக்கச் சட்டமே இடமளிக்கிறது. ஆனால் புகுந்த வீட்டில் இளம்பெண் ஒருத்தி தூக்கில் தொங்கினாள் என்ற செய்தி வரும்போதும் இதே முயற்சி நடக்குமாயின், அங்கே காக்கப்படுவது மய்யித்தின் கண்ணியமா, உயிருடன் இருப்பவரின் மானமா என்ற கேள்வி எழுகிறது. அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் கழுத்தில் கண்ட தழும்பைப் பற்றிப் பின்னர் எத்தனை முறை முணுமுணுத்தாலும் பயனில்லை. கபர் மூடப்பட்ட பின் தோண்டி எடுத்துச் செய்யும் ஆய்வு பாதி உண்மையைத்தான் தரும். அவ்வேளையில் இறந்தவருக்கு நேரும் அவமதிப்பு முதலில் தவிர்த்த ஆய்வைவிடப் பெரியது. நீதிக்குச் சாட்சியாய் நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் சரி என்பது அந்நிஸா அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை.

அரசிடம் நாம் கேட்கவேண்டியவையும் உள்ளன. 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பின்னரும் உடற்கூறாய்வு நடத்த அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற ஐயத்துக்குரிய மரணங்களுக்கு இது பொதுவாகப் பொருந்தாது. எனினும் விபத்தில் இறந்தோரின் ஜனாஸா ஓரிரவு முழுதும் காத்திருக்கவேண்டிய துன்பத்தை இது குறைக்கும். மாவட்ட மருத்துவமனைகளில் வெளிச்சமும் பணியாளரும் இல்லாவிடில் இவ்வனுமதி ஏட்டோடு நின்றுவிடும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2021இல், கத்தியின்றிச் சி.டி. ஒளிப்படம் வழியாக உடலை ஆராயும் முறையைத் தொடங்கியது. நஞ்சு, திசுநோய் முதலியவற்றை இம்முறையால் மட்டும் அறிய இயலாது. எலும்பு முறிவும் குண்டின் பாதையும் நன்கு தெரியும். இம்முறை தமிழக மாவட்டங்களுக்கும் பரவவேண்டும் எனக் கேட்பது எல்லாச் சமயத்தாருக்கும் நன்மை தரும் கோரிக்கை.

இவற்றோடு, நம் பிள்ளைகளுள் சிலர் இத்துறையைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். குறிப்பாக நம் பெண்கள் சட்ட மருத்துவம் பயில்வார்களாயின், ஃபிக்ஹு அகாடமி விதித்த நிபந்தனை நடைமுறையில் நிறைவேறும். வருமானம் குறைவு, சூழல் அருவருப்பானது என்று மருத்துவ மாணவர்கள் ஒதுங்கும் துறை இது. நோயாளியின் நன்றி மருத்துவருக்கு ஊக்கமளிக்கும். இங்கே நன்றி கூறுவதற்கு நோயாளி இல்லை. செங்கம் சாலையோரத்தில் பெயரின்றி இறந்த துறவிக்கும், சேஷாசலத்தில் சுடப்பட்ட கூலித் தொழிலாளிக்கும், நம் தெருவில் ஐயத்துக்கிடமாக இறந்த மருமகளுக்கும் இவ்வுலகில் எஞ்சியிருக்கும் உரிமை ஒன்றே. தனக்கு நேர்ந்தது உள்ளபடி எழுதப்படவேண்டும் என்பது அவ்வுரிமை. மய்யித்தைக் குளிப்பாட்டும்போது கண்ட குறையை மறைப்பவருக்கு நற்கூலி உண்டெனக் கற்றிருக்கிறோம். அந்த மறைப்பு இறந்தவரின் குறைகளுக்கே உரியது. அவர் மீது பிறர் இழைத்த கொடுமைக்கு அது பொருந்தாது என்பதையும் நம் மதரஸாக்களில் கற்பிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.